வெண்ணெய்க்கு மாற்று, வசைக்கு விடை

முட்டையும் வெண்ணெயும் சேர்க்காத ஒரு கேக்கின் படத்தைச் சமூக ஊடகத்தில் போட்டால், செய்முறை கேட்பவர்களுக்கு முன்பே கேலி செய்பவர்கள் வந்துவிடுவது வழக்கமாகிவிட்டது. புரதத்துக்கு எங்கே போவீர்கள், செடிக்கு உயிர் இல்லையா, போய்ப் புல்லைத் தின்னுங்கள் என்று பேச்சு நீளும். எதிர்ப்பக்கமும் சும்மா இருப்பதில்லை. விலங்குகளிடமிருந்து வரும் எதையும் சேர்க்காத வீகன் உணவுக்கு மாறினால் சர்க்கரை முதல் புற்றுநோய் வரை எல்லாம் ஓடிவிடும் என்ற அளவுக்கு அங்கிருந்து மிகைப்பேச்சு வருகிறது. சமைப்பவருக்கும் உண்பவருக்கும் உண்மையில் தேவைப்படும் கேள்விகள் இந்தக் கூச்சலில் காணாமல் போகின்றன. எடுத்துவிட்ட பொருள் அந்தப் பண்டத்தில் என்ன வேலை செய்தது? உடலுக்கு என்ன கொடுத்தது? அதன் இடத்தில் வந்த பொருள் இவற்றில் எதை ஈடுசெய்கிறது? பண்டத்தில் செய்யவேண்டிய வேலையை மாற்றுப்பொருள் பெரும்பாலும் செய்துவிடும். ஊட்டத்தையும் கொடுத்துவிடும் என்று நம்பிக்கொள்ள முடியாது, அதைத் தனியாகக் கணக்கிட வேண்டும். இந்த வேறுபாட்டை மறைக்காமல் பேசுபவரின் சொல் வசைக்கு நடுவிலும் நிற்கும் என்பதே என் கருத்து.

முட்டை செய்யும் வேலைகள்

முட்டைக்கு எது மாற்று என்று பொதுவாகக் கேட்டால் பயனுள்ள விடை கிடைக்காது, ஏனெனில் முட்டை சமையலில் பல வேலைகளைச் செய்கிறது. வெள்ளைக்கருவை அடித்தால் காற்றைப் பிடித்து நுரைக்கிறது. மஞ்சள்கருவில் உள்ள லெசித்தின் எண்ணெயும் நீரும் பிரியாமல் பார்த்துக்கொள்கிறது. சூடு ஏறியதும் புரதம் இறுகி, கட்லெட்டும் கேக்கும் உதிராமல் பிடித்துக்கொள்கிறது. பிஸ்கட்டிலோ கட்லெட்டிலோ தேவைப்படுவது பிடிமானம் மட்டும்தான். ஒரு மேசைக்கரண்டி ஆளி விதைப் பொடியை மூன்று மேசைக்கரண்டி தண்ணீரில் கலந்து பத்து நிமிடம் வைத்தால் வரும் வழவழப்பான கூழ், அங்கே ஒரு முட்டையின் இடத்தை நிரப்பும். ஆனால் அந்தக் கூழ் நுரைக்காது. கேக் உப்ப வேண்டுமானால் சமையல் சோடாவும் வினிகரும் சேர்ந்து கிளப்பும் வாயுவே துணை. மசித்த வாழைப்பழம் ஈரத்தைக் கொடுக்கும், கூடவே தன் மணத்தையும் கொடுக்கும். அது பொருந்தும் பண்டத்துக்கு மட்டுமே உதவும்.

நுரைக்கான மாற்று கிடைத்தது அண்மையில்தான். கொண்டைக்கடலை வேகவைத்த கெட்டியான நீரை அடித்தால் வெள்ளைக்கருவைப் போல நுரைக்கும் என்பதை 2014-இல் பிரான்சைச் சேர்ந்த இசைக்கலைஞர் ஜோயல் ரோசெல் கண்டறிந்து எழுதினார். மறு ஆண்டு அமெரிக்க மென்பொருள் பொறியாளர் கூஸ் வோல்ட், அந்த நீரும் சர்க்கரையும் கொண்டே மெரிங் என்ற நுரை இனிப்பைச் செய்துகாட்டி, அதற்கு அக்வாஃபாபா என்று பெயரிட்டார். கடலையிலிருந்து நீரில் இறங்கும் புரதமும் மாவுப்பொருள்களும் நுரையைத் தாங்குகின்றன. மூன்று மேசைக்கரண்டி நீர் ஒரு முட்டைக்குச் சமம் என்பது பொதுவான அளவு. தொழிற்கூடத்தில் தயாராகும் மாற்றுகளும் உண்டு. அமெரிக்காவில் ஜஸ்ட் எக் என்ற பெயரில் விற்கும் திரவம் பச்சைப்பயற்றிலிருந்து பிரித்த புரதத்தால் ஆனது. பயற்றை ஊறவைத்து அரைத்துக் கல்லில் ஊற்றும் பெசரட்டையும், பருப்புகளை அரைத்து வார்க்கும் அடையையும் அறிந்த நமக்கு இதில் வியப்பு குறைவுதான். சொல்லப்போனால் இட்லி, அடை, சுண்டல், புளிக்குழம்பு என்று முட்டையையோ வெண்ணெயையோ ஒருநாளும் கேட்காத பண்டங்கள் நம் சமையலில் நிறைய இருக்கின்றன. மாற்றைத் தேடும் முன் அவற்றை நினைத்துக்கொள்வது செலவையும் குறைக்கும். அரைவேக்காட்டு முட்டைக்கும் வழியும் மஞ்சள்கருவுக்கும் வீட்டில் எளிதாகச் செய்யக்கூடிய நல்ல மாற்று எதுவும் இல்லை. அதை இல்லை என்று சொல்லிவிடுவதே நேர்மை.

வெண்ணெய்: பெயர்ப்பலகை போதாது

உடல்நலக் கோணத்தில் முட்டையைவிட வெண்ணெய்க்கான மாற்றில்தான் அதிகம் ஏமாறுகிறோம். வெண்ணெயில் குறைந்தது 80 சதவீதம் கொழுப்பு. மொத்த எடையில் பாதியளவு நிறைவுற்ற கொழுப்பு. ரத்தத்தில் கெட்ட கொழுப்பு எனப்படும் எல்டிஎல்-ஐ உயர்த்துவது இந்த நிறைவுற்ற கொழுப்பு. ஆனால் பஃப்ஸின் அடுக்குகளுக்கும் பிஸ்கட்டின் மொறுமொறுப்புக்கும் காரணமும் அதுவே, ஏனெனில் அறைச் சூட்டில் கட்டியாக நிற்கிறது. ஆகவே வெண்ணெய் போலவே நிற்கும் தாவர மாற்று வேண்டுமென்றால், தேங்காய் எண்ணெய், பாமாயில் போன்ற கெட்டித் தாவரக் கொழுப்புகளையோ ஹைட்ரஜன் ஏற்றிக் கெட்டியாக்கிய எண்ணெயையோதான் பெரும்பாலும் நாட வேண்டும். தேங்காய் எண்ணெயில் நிறைவுற்ற கொழுப்பு 80 சதவீதத்துக்கும் மேல், அதாவது வெண்ணெயைவிடக் கூடுதல். ஹைட்ரஜன் ஏற்றுவதைப் பாதியில் நிறுத்தும்போது டிரான்ஸ் கொழுப்பு உருவாகிறது. எல்டிஎல்-ஐ உயர்த்துவதோடு நல்ல கொழுப்பான எச்டிஎல்-ஐயும் குறைப்பதால், அது நிறைவுற்ற கொழுப்பைவிடக் கொடியது. இப்படிக் கெட்டியாக்கிய வனஸ்பதி நம் பேக்கரிகளில் பல தலைமுறை புழங்கிய பொருள். எண்ணெய், கொழுப்புகளில் டிரான்ஸ் கொழுப்பின் வரம்பை இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2021-இல் 3 சதவீதமாகவும் 2022-இல் 2 சதவீதமாகவும் குறைத்தது நல்ல நடவடிக்கை. ஆயினும் வீகன் என்ற முத்திரை ஒரு பொட்டலம் இதயத்துக்கு நல்லது என்பதற்குச் சான்றாகாது. பின்பக்கத்து ஊட்ட அட்டவணையைப் படித்தே ஆகவேண்டும்.

அறைச் சூட்டில் திரவமாக இருக்கும் எண்ணெய்களின் கதை வேறு. 2025-இல் ஜாமா இன்டர்னல் மெடிசின் இதழில் வந்த அமெரிக்க ஆய்வு, 2,21,000-க்கும் மேற்பட்டவர்களின் உணவுப் பழக்கத்தை முப்பது ஆண்டுகளுக்கு மேல் பின்தொடர்ந்தது. தினமும் 10 கிராம் வெண்ணெயைக் கைவிட்டு அதே அளவு தாவர எண்ணெயைச் சேர்ப்பது, இறப்பு அபாயம் 17 சதவீதம் குறைவதோடு தொடர்புடையது என்று அது மதிப்பிட்டது. இது பின்தொடர்ந்து கவனித்த ஆய்வு; காரணம் இதுதான் என்று முடிவாக நிறுவாது. ஆனாலும் நிறைவுற்ற கொழுப்பைக் குறைத்தால் எல்டிஎல் குறைகிறது என்று ஏற்கெனவே தெரிந்ததோடு இது ஒத்துப்போகிறது. அந்த ஆய்வில் இடம்பெற்றவை முக்கியமாக சோயா, கனோலா, ஆலிவ் எண்ணெய்கள். நம் கடலை எண்ணெயிலும் நல்லெண்ணெயிலும் நிறைவுற்ற கொழுப்பு 20 சதவீதத்தைத் தாண்டாது. கேக்கில் 100 கிராம் வெண்ணெய்க்குச் சுமார் 80 கிராம் எண்ணெயும், வெண்ணெயில் இருந்த நீருக்கு ஈடாகக் கொஞ்சம் சோயாப் பாலும் போதும். அப்படியானால் தேங்காயிலேயே வளர்ந்த நம் முன்னோர் நலமாக இருக்கவில்லையா என்று கேட்பார்கள். அவர்கள் சேர்த்தது பெரும்பாலும் நார்ச்சத்தோடு கூடிய தேங்காய்த் துருவல், செய்தது உடலுழைப்பு. சட்னியில் விழும் தேங்காயையும், கரண்டி கரண்டியாக ரொட்டியில் பூசும் தேங்காய் எண்ணெய் வெண்ணெயையும் ஒரே கணக்கில் சேர்க்க முடியாது.

ஊட்டத்தில் விழும் இடைவெளி

ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதம் இருக்கிறது. பி12, கோலின், டி வைட்டமின், செலினியம் ஆகியவையும் உண்டு. ஒரு மேசைக்கரண்டி ஆளி விதைப் பொடியில் புரதம் ஒன்றரை கிராமுக்கும் குறைவு. பி12 அறவே இல்லை. பத்துத் துண்டு போடும் கேக்கில் இரண்டு முட்டையை எடுத்துவிட்டால் ஆளுக்கு ஒரு கிராம் சொச்சம் புரதம் குறையும், அது கவலைக்குரியதல்ல. அன்றாடம் முட்டையும் பாலும் எடுத்த ஒருவர் இரண்டையும் நிறுத்தி, அந்த இடத்தில் எதையும் வைக்காமல் விடும்போதுதான் பிரச்சினை தொடங்குகிறது. தமிழ்நாட்டுச் சத்துணவில் முட்டை உண்ணாத குழந்தைக்கு வாழைப்பழம் தரப்படுவதை இங்கே எண்ணிப் பார்க்கலாம். பழம் நல்லதுதான், ஆனால் அதில் புரதம் ஒரு கிராம் அளவே. தட்டில் காலியான இடம் நிரம்புகிறது, ஊட்டத்தில் காலியான இடம் அப்படியே இருக்கிறது. சுண்டலோ சோயாவோ அந்த இடத்தை இன்னும் சரியாக நிரப்பும்.

புரதத்தைப் பருப்பும் பயறும் சோயாவும் கொடுத்துவிடும். பி12 விஷயத்தில் அப்படியொரு வழி இல்லை. நம்பத்தகுந்த அளவில் அதைத் தரும் தாவர உணவு கிடையாது. ஸ்பைருலினா பாசியில் காணப்படுவதில் பெரும்பகுதி உடலுக்குப் பயன்படாத வடிவம். கல்லீரலில் சேமிப்பு இருப்பதால் குறைபாடு வெளித்தெரிய ஆண்டுகள் ஆகலாம். நன்றாகத்தானே இருக்கிறேன் என்ற நினைப்பு அந்த ஆண்டுகளில் வலுத்துவிடும். பிறகு சோர்வு, கைகால் மரத்துப்போதல், ரத்தசோகை, மறதி என்று தொடங்கும். கவனிக்காமல் விட்டால் நரம்புச் சேதம் நிலைத்துவிடக்கூடும். ஆகவே வீகன் உணவில் இருப்பவர் பி12 மாத்திரையோ பி12 செறிவூட்டிய உணவோ எடுத்தே தீரவேண்டும். இதில் கொள்கை விட்டுக்கொடுப்பு ஏதுமில்லை, ஏனெனில் அந்த வைட்டமினை எல்லா இடத்திலும் உருவாக்குவது நுண்ணுயிர்களே.

பிரிட்டனின் எபிக்-ஆக்ஸ்ஃபோர்ட் ஆய்வு இரு தரப்புக்கும் பாடம் சொல்கிறது. 2019-இல் வெளியான அதன் முடிவில், இறைச்சி உண்பவர்களைவிடச் சைவ உணவினருக்கு (வீகன்கள் உட்பட) மாரடைப்பு போன்ற இதயத் தமனி நோய் 22 சதவீதம் குறைவாக இருந்தது. பக்கவாதம் 20 சதவீதம் கூடுதலாக இருந்தது. 2020-இல் வெளியான பகுப்பாய்வு, வீகன்களுக்கு எலும்பு முறிவு 43 சதவீதம் கூடுதல் என்று காட்டியது. உடல் எடையையும், உண்ட கால்சியம், புரத அளவையும் கணக்கில் கொண்டபோது அந்த வேறுபாடு குறைந்தாலும் மறையவில்லை. முதல் எண்ணை மட்டும் சொல்லிக் கைதட்டுவதும் மூன்றாவதை மட்டும் சொல்லிப் பயமுறுத்துவதும் ஒரே தவறு. எள், கேழ்வரகு, கீரை, கால்சியம் சேர்த்த சோயாப் பால் ஆகியவற்றை நாள்தோறும் சேர்ப்பதற்கு எலும்பு முறிவு பற்றிய எண்ணே காரணம். கர்ப்பிணிகளும் குழந்தைகளும் மருத்துவர் அல்லது உணவியல் நிபுணரின் துணையோடு மட்டுமே இப்படி மாறவேண்டும்.

வசை எங்கிருந்து வருகிறது

மாற்றுப்பொருள் மீதான கோபம் இணையத்தில் பிறந்ததல்ல. பிரான்சில் 1869-இல் இப்போலித் மேஜ்-மூரியே மாட்டுக் கொழுப்பிலிருந்து மார்கரின் செய்தார். அது தாவரப் பொருளே அல்ல, வெண்ணெய்க்குப் போட்டி என்பதே அதன் குற்றம். 1886-இல் அமெரிக்கா அதற்குத் தனி வரி போட்டது. கனடா அதே ஆண்டில் விதித்த தடை, முதல் உலகப்போரை ஒட்டிய இடைவெளி நீங்கலாக, 1948 வரை நீடித்தது. வெண்ணெய் போலத் தோன்றக்கூடாது என்பதற்காக மார்கரினுக்கு இளஞ்சிவப்புச் சாயம் பூசச் சட்டம் போட்ட அமெரிக்க மாநிலங்களும் இருந்தன. பால்பண்ணையாளரின் பிழைப்பு அதில் அடங்கியிருந்தது என்பதையும் மறக்கக்கூடாது. இன்றும் பண்ணை வைத்திருப்பவர் வீகன் பேச்சைக் கேட்டுக் கலங்குவது வெறும் வெறுப்பல்ல.

பிழைப்பு பாதிக்கப்படாதவர்களும் ஏன் சீறுகிறார்கள்? ஜூலியா மின்சன், பெனுவா மோனன் ஆகியோர் 2012-இல் வெளியிட்ட ஆய்வு ஒரு விளக்கம் தருகிறது. இறைச்சி உண்பவர்கள், சைவ உணவினர் தங்களைத் தாழ்வாக எடைபோடுவார்கள் என்று எவ்வளவு எதிர்பார்த்தார்களோ அவ்வளவுக்கு அந்தச் சைவ உணவினரை இழித்துப் பேசினார்கள். யாரும் குற்றம் சாட்டாதபோதே குற்றம் சாட்டப்பட்டதாக உணர்வது இங்கே வேலை செய்கிறது. காரா மக்கின்னிஸ், கார்டன் ஹாட்சன் ஆகியோரின் 2017-ஆம் ஆண்டு ஆய்வில், உடல்நலத்துக்காக வீகன் ஆனவர்களைவிட விலங்குகளுக்காக வீகன் ஆனவர்கள் மீது எதிர்ப்பு கூடுதலாக இருந்தது. 2018-இல் லண்டனில் ஓர் உணவு இதழின் ஆசிரியர் வில்லியம் சிட்வெல், வீகன்களைக் கொல்வது பற்றி மின்னஞ்சலில் எழுதியது வெளிவந்ததும் பதவி விலகினார். நகைச்சுவை என்ற பெயரில் எதுவரை போகிறார்கள் என்பதற்கு அது சான்று.

மதிப்போடு கேட்கவேண்டிய எதிர்ப்பு

தமிழில் வரும் எதிர்ப்பில் ஒரு பகுதிக்கு ஆழமான காரணம் உண்டு. புலால் மறுத்தலைச் சாதி உயர்வின் அடையாளமாக்கி, இறைச்சியும் முட்டையும் உண்பவரை இழிவுபடுத்திய நெடிய வரலாறு நமக்கு இருக்கிறது. வீடு வாடகைக்குக் கேட்கும்போதுகூட உணவைக் கேட்டு மறுக்கிறார்கள். பள்ளிக் குழந்தையின் தட்டில் முட்டை வைப்பதை எதிர்த்த அரசியலும் நாட்டின் பல இடங்களில் உண்டு. அந்தப் புண் உள்ளவருக்கு வீகன் என்ற சொல்லும் பழைய குரலாகவே ஒலிக்கும். விடை ஒன்றுதான்: ஏழைக் குழந்தைக்குக் கிடைக்கும் முட்டையை எதிர்க்க வீகன் வாதத்தைப் பயன்படுத்தக்கூடாது. அந்தக் குழந்தைக்கு அது மலிவான, முழுமையான புரதம். வீகன் முடிவு, தேர்ந்தெடுக்கும் வசதி உள்ளவர் தன் தட்டைப் பற்றி எடுக்கும் முடிவு. அடுத்தவர் தட்டின் மேல் அதற்கு அதிகாரம் இல்லை. நெய்யும் பாலும் ஏராளமாக ஓடும் சடங்குச் சைவத்தோடு வீகன் கொள்கைக்கு உறவு இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்லலாம். முட்டை ஒவ்வாமை உள்ள குழந்தையும், பாலில் உள்ள லாக்டோஸ் செரிக்காத பெரியவரும் இதே மாற்றுகளைத்தான் தேடுகிறார்கள். அவர்களுக்கு இதில் கொள்கையே கிடையாது.

பதில் சொல்லும் முறை

வசைபாடுபவரின் மனத்தை ஒரு பதிலால் மாற்ற முடியாது. ஆனால் அந்த உரையாடலைப் பேசாமல் படித்துக்கொண்டிருப்பவர்கள் இருக்கிறார்கள், பதிலை அவர்களுக்காக எழுதவேண்டும். புரதம் எங்கே என்று கேட்பவர் ஏளனமாகக் கேட்டாலும் கேள்வி நல்ல கேள்வி. பயற்றின் அளவைச் சொல்லி ஒருமுறை பதில் தரலாம். மறுபடி ஏளனமே வந்தால் நிறுத்திவிடலாம். மிரட்டல் வந்தால் திரைப்பதிவை எடுத்து வைத்துக்கொண்டு, தளத்திலும் தேவைப்பட்டால் சைபர் குற்றப் பிரிவிலும் புகார் தரவேண்டும். முடக்குவதோ விலகுவதோ தோல்வி ஆகாது. தூக்கத்தைக் கெடுக்கும் வாக்குவாதமும் உடல்நலக் கேடுதான். தன் பக்கத்து மிகையைத் திருத்துவதும் இதே அளவு முக்கியம். வீகன் உணவு நீரிழிவை ஒழிக்கும் என்று ஒருவர் எழுதினால், அதை முதலில் மறுக்கவேண்டியவர் இன்னொரு வீகன்.

வசையின் இன்னொரு தீங்கு கண்ணுக்குத் தெரியாதது. கேலிக்குப் பழகிப்போனவர் வீட்டிலும் மருத்துவரிடமும் தன் உணவைப் பற்றிச் சொல்லத் தயங்கக்கூடும். சோர்வுக்காக மருத்துவரைப் பார்க்கும்போது, முட்டையும் பாலும் எடுப்பதில்லை என்ற ஒரு வாக்கியம் பரிசோதனையின் திசையையே மாற்றிவிடும். ஃபோலிக் அமிலம் நிறைந்த கீரை, பயறு உணவு பி12 குறைபாட்டின் ரத்தசோகையை மறைத்துவிடக்கூடும் என்பதால் ஹீமோகுளோபின் அளவு மட்டும் போதாது. பி12 அளவையும் கேட்டுப் பார்க்கவேண்டும். இதை மருத்துவர் கேட்கும்வரை காத்திராமல் தானே முதலில் சொல்லிவிடுவது நல்லது.