தையல் எந்த இடத்தில்?

மங்கலம்பேட்டையிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார். தலைச்சன் பிள்ளை ஆபரேஷனில் பிறந்தது. இப்போது ஏழாம் மாதம். இதுவும் ஆபரேஷன்தான் என்கிறார்கள் வீட்டில். மூச்சுப் பயிற்சி செய்தால் கட்டாயம் நார்மல்தான் என்கிறது ஒரு யூடியூப் வீடியோ. யாரை நம்புவது?

இரண்டு பேச்சையுமே நம்ப வேண்டாம். 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 44.9 விழுக்காடு சிசேரியன். தனியார் மருத்துவமனைகளில் 63.8. இத்தனை தாய்மார்களுக்கும் அடுத்த கர்ப்பத்தில் இதே கேள்வி வரும்.

விடை பெரும்பாலும் தையல் விழுந்த இடத்தில் இருக்கிறது. பிரசவ வலியில் உழைப்பது கர்ப்பப்பையின் மேல்பகுதி. இதயத்தசை ஒவ்வொரு துடிப்புக்குப் பிறகும் பழைய நீளத்துக்குத் திரும்பிவிடும். இந்தத் தசை அப்படியல்ல. வலி தணிந்த பின்னும் ஒரு இம்மி குட்டையாகவே நிற்கும். அடுத்த வலி அங்கிருந்து தொடங்கும். மேல்பகுதி இப்படித் தடித்துக்கொண்டே வர, கீழ்ப்பகுதி மெலிந்து, விரிந்து, குழந்தையின் தலைக்கு மேலாக இழுபட்டுப் போகிறது.

தலையணை உறையைக் கழற்றுவதை நினைத்துப் பாருங்கள். அடிப்பக்கத் துணியைக் கைக்குள் கொசுவிக்கொண்டே போகிறோம். வாய்ப்பக்கம் விரிந்து கொடுக்க, தலையணை வெளியே வருகிறது. வாயருகே குறுக்காக ஒரு பழைய தையல் இருந்தால் கொசுவம் அதன்மேல் விழாது. உடல்பகுதியில் நெட்டுக்குத்தாக இருந்தால் ஒவ்வொரு கொசுவமும் அதைத்தான் இழுக்கும். வாய் இளகும் முன்பே அவசரப்பட்டு வெடுக்கென்று இழுத்தால் வாயருகே உள்ள தையலும் விடலாம். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத் தாய்மார்களைப் பற்றி 2001இல் வெளியான பெரிய ஆய்வு இந்த அவசரத்தைத்தான் அளந்தது. வலி தானாக வந்த தாய்மார்களில் 1,000 பேருக்குச் சுமார் 5 பேருக்குத் தழும்பு கிழிந்தது. புரோஸ்டாகிளாண்டின் மருந்தால் வலி வரவழைத்தவர்களில் 24 பேருக்கு மேல்.

வரலாறு இரண்டே வரி. ஒருமுறை சிசேரியன் என்றால் என்றும் சிசேரியன் என்ற விதி 1916இல் நியூயார்க் மருத்துவர் எட்வின் கிராகின் எழுதியது. அப்போது வெட்டு மேலிருந்து கீழாக. 1920களில் கிளாஸ்கோவின் மன்றோ கெர் வலியுறுத்திய கீழ்ப்பகுதிக் குறுக்குவெட்டு உலகெங்கும் பரவியது, ஆனால் விதி மட்டும் ஊர்வாயில் அப்படியே நிற்கிறது.

கீழ்ப்பகுதியில் ஒரே ஒரு குறுக்குத் தழும்பு உள்ளவர்கள் முயன்றால் நால்வரில் மூவர் அளவுக்குச் சுகப்பிரசவம் ஆகிறது. முன்பே ஒரு சுகப்பிரசவம் கண்டவர்களுக்கு வாய்ப்பு இன்னும் கூடுதல். ஆபரேஷனையே திரும்பச் செய்துகொள்வதும் செலவில்லாத வழியல்ல: ஒவ்வொரு வெட்டுக்கும் பிறகு, அடுத்த நஞ்சுக்கொடி பழைய தழும்பில் ஆழமாகப் பதிந்துவிடும் ஆபத்து ஏறுகிறது. தழும்பின் கனத்தை ஸ்கேனில் அளந்து 'பாஸ், ஃபெயில்' சொல்வதை நான் ஏற்கவில்லை. எல்லாரும் ஒப்புக்கொண்ட எல்லைக்கோடு அதற்கு இன்னும் வரவில்லை.

வயிற்றின்மேல் தெரியும் கோடும் சாட்சியல்ல. தோலில் குறுக்காக இருந்தாலும் உள்ளே நெட்டுவெட்டாக இருக்கலாம். அதனால் அம்மா, முதல் பிரசவத்தின் டிஸ்சார்ஜ் சம்மரியைத் தேடி எடுங்கள்; அது இல்லையென்றால் அந்த மருத்துவமனையிலேயே கேட்டு வாங்குங்கள். அடுத்த செக்கப்பில் டாக்டரிடம் காட்டி, உள்வெட்டு எப்படி, அன்று ஆபரேஷன் ஏன் தேவைப்பட்டது என்று கேளுங்கள். இரண்டு பிரசவங்களுக்கும் ஒன்றரை ஆண்டுக்குக் குறைவான இடைவெளி என்றால் அதையும் சொல்லுங்கள்.

சுகப்பிரசவ முயற்சி வீட்டிலோ, ஆபரேஷன் தியேட்டர் இல்லாத ஆரம்ப சுகாதார நிலையத்திலோ கூடாது. தையல் விட்டால் பெரும்பாலும் முதலில் தடுமாறுவது குழந்தையின் இதயத்துடிப்பு; அதன்பின் கையில் இருப்பது நிமிடங்கள்தான். மயக்க மருத்துவரும் ரத்தமும் இரவிலும் தயாராக உள்ள சீமாங் (அவசரப் பிரசவச் சிகிச்சை) மையத்தையோ, சிதம்பரம் அண்ணாமலை நகரில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற இடத்தையோ இப்போதே முடிவு செய்யுங்கள். முதல் வலி கண்டதும் 108ஐ அழைத்துக் கிளம்பிவிடுங்கள்.