பள்ளிக்கூடத்தில் விவசாயப் பாடம்: 80 ஆண்டுகளுக்கும் மேலாக ஏன் வேரூன்றவில்லை?

"பள்ளிக்கூடத்திலேயே விவசாயம் சொல்லிக் கொடுத்தால் என்ன?" இந்தக் கேள்வியை நீங்களும் கேட்டிருப்பீர்கள். உண்மையில் இது புது யோசனை இல்லை. இந்தியா பலமுறை முயன்று பார்த்த விஷயம்தான்.

எப்போது தொடங்கியது?

1937 அக்டோபரில் வார்தாவில் நடந்த கல்வி மாநாட்டில் காந்தி தன் ஆதாரக் கல்வித் திட்டத்தை முன்வைத்தார். ஒரு கைத்தொழிலை மையமாக வைத்து, அதன் வழியாகவே கணக்கு, அறிவியல் எல்லாம் கற்றுத் தர வேண்டும் என்பது அதன் சாரம். ஜாகிர் உசேன் குழு இதற்குப் பாடத்திட்டம் வகுத்தது. நூற்பு, தச்சு ஆகியவற்றோடு விவசாயமும் அதில் இருந்தது.

சுதந்திரத்துக்குப் பிறகு?

1952-53இல் ஏ.லட்சுமணசுவாமி முதலியார் தலைமையிலான இடைநிலைக் கல்வி ஆணையம் பல்நோக்குப் பள்ளிகளைப் பரிந்துரைத்தது. மாணவர்கள் தேர்வு செய்ய ஏழு பாடப்பிரிவுகள். அவற்றில் ஒன்று விவசாயம்.

அதே 1953இல் சென்னை மாநிலத்தில் வேறொரு புயல். தொடக்கப் பள்ளி நேரத்தை மூன்று மணியாகக் குறைத்து, மீதி நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைப் பழகலாம் என்றது ராஜாஜி அரசின் திட்டம். 'குலக்கல்வி' என்று எதிர்ப்பு கிளம்பியது. 1954இல் காமராஜர் முதல்வரானதும் அது கைவிடப்பட்டது.

சிக்கல் எங்கே?

அந்த எதிர்ப்பிலேயே பதில் இருக்கிறது. விவசாயி மகன் விவசாயம்தான் படிக்கணுமா? மற்றவர் பிள்ளை டாக்டராகும்போது நம்ம பிள்ளை மட்டும் ஏன் மண்வெட்டி பிடிக்கணும்? நியாயமான கேள்விதானே. தொழிற்கல்வி என்றாலே 'மார்க் குறைந்தவர்களுக்கானது' என்ற பெயரும் ஒட்டிக்கொண்டது.

1986 தேசியக் கல்விக் கொள்கை, மேல்நிலை மாணவர்களில் 10% பேரை 1990க்குள்ளும், 25% பேரை 1995க்குள்ளும் தொழிற்கல்விக்குக் கொண்டுவர இலக்கு வைத்தது. 1992இல் கொள்கையைத் திருத்தியபோது, அதே இலக்குகள் முறையே 1995க்கும் 2000க்கும் தள்ளிப்போயின.

இப்போது என்ன நிலை?

2020 கொள்கை, 2025க்குள் குறைந்தது பாதி மாணவர்களுக்காவது தொழிற்கல்வி அனுபவம் கிடைக்க வேண்டும் என்றது. 6 முதல் 8ஆம் வகுப்பு வரை, பத்து நாள் புத்தகப் பை இல்லாமல் உள்ளூர்த் தொழிலாளர்களிடம் பழகச் சொல்கிறது. சிபிஎஸ்இ-யிலும் திறன் பாடமாக விவசாயம் உண்டு.

நீங்கள் கவனிக்க வேண்டியது

உங்கள் பிள்ளை இந்தப் பாடத்தை எடுக்க விரும்பினால், மூன்றைக் கேளுங்கள். பயிற்சிக்கு நிலமும் தண்ணீரும் இருக்கிறதா? அதற்கென்று படித்த ஆசிரியர் இருக்கிறாரா? இதைப் படித்தால் பட்டப்படிப்பில் சேர முடியுமா? கல்லூரித் தகுதி விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். சேர்வதற்கு முன்பே பார்த்துவிடுங்கள்.

விவசாயம் படிப்பதில் யாருக்கும் தயக்கம் இருக்க வேண்டியதில்லை. அதைப் படித்ததாலேயே மற்ற கதவுகள் மூடிவிடக் கூடாது, அவ்வளவுதான். நகரத்துப் பிள்ளையும் விரும்பி எடுக்கிற பாடமாக அது மாறினால்தான் பழைய சந்தேகம் தீரும்.