கலமே இல்லமாக

‘கலம்’ என்னும் சொல்லுக்கு உண்கலம், அணிகலம், மரக்கலம், ஆவணம் எனப் பொருள் பலவற்றை வகுப்பிலே கூறிக்கொண்டிருந்தேன். மாணவி ஒருத்தி எழுந்து, “மரக்கலத்திலேயே குடியிருத்தல் கூடுமோ, ஐயா?” என வினவினாள். ஆங்கில நாவலாசிரியை பெனிலோப்பி பிற்ஸ்ஜெரால்ட் என் நினைவில் எழுந்தார்.

1960ஆம் ஆண்டையொட்டி, பொருள்முடை காரணமாக, இலண்டனில் தேம்சு நதியில் நின்ற பழைய சரக்குத் தோணியொன்றில் அவர் குடும்பத்தோடு குடிபுகுந்தார். ‘கிரேசு’ என்பது அதன் பெயர். ஆங்கு நதியும் கடலின் வற்றுப்பெருக்குக்கு உட்பட்டது. நாடோறும் இருமுறை தோணி மிதக்கும், இருமுறை சேற்றிற் படியும். தோணிவாழ்வை உல்லாசமென எண்ணுவோர் உளர். அவரை ஆங்குச் செலுத்தியது வறுமையே. தொழிலால் அவர் ஆசிரியை, நம்மவர்! ஈரம் ஊறும் அறையிலே பாடங்களை ஆயத்தஞ்செய்தல் எத்தகையது என்பதை நம்மனோர்க்கு விரித்துரைக்க வேண்டுவதில்லை.

1963இல் கிரேசு மூழ்கிற்று. நூல்களும் குடும்பத் தாள்களும் நீரோடு போயின. ஏடொன்று செல்லரித்தமைக்கே பலநாள் உறக்கமிழந்தவன் யான். அவரோ வகுப்புக்குச் சென்று, வீடு மூழ்கியமையாற் பிந்த நேர்ந்ததென மாணவரிடம் வருத்தந்தெரிவித்தார் என்பர்.

முதல் நூல் வெளிவந்தபோது அவருக்கு வயது 58. தோணிவாசிகளைப் பற்றிய ‘ஓவ்ஷோர்’ என்னும் நாவல் 1979இல் வெளிவந்து, அவ்வாண்டுக்குரிய புக்கர் பரிசைப் பெற்றது. அந்நூலைக் கிரேசுக்கும் அதிற் பயணஞ்செய்தோர்க்கும் உரிமையாக்கியுள்ளார்.

இவ்வளவும் கேட்ட மாணவி, “அத்தாள்களில் ஒன்றேனும் மிஞ்சவில்லையோ?” என்றாள். அதற்குள் மணி அடித்துவிட்டது.