தூரம்: அளவும் அதிகாரமும்

தூரத்தை நாம் இயற்கையானதாகவே எடுத்துக்கொள்கிறோம். இரண்டு ஊர், நடுவே இத்தனை கிலோமீட்டர். இதில் அரசியலுக்கு என்ன வேலை என்று தோன்றும். பின்லாந்தின் ஹெல்சிங்கிக்கும் டோக்கியோவின் நரிட்டா விமான நிலையத்துக்கும் இடையிலான தூரத்தை முன்வைத்து இந்த ‘இயற்கை’யைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம் என்று நினைக்கிறேன்.

பூமி உருண்டை. அதன்மேல் இரு புள்ளிகளுக்கிடையே மிகக் குறுகிய வழி, பெருவட்டத்தின் ஒரு வில். இந்த இரு நிலையங்களுக்கும் அது சுமார் 7,800 கிலோமீட்டர். 1569இல் மெர்க்கேட்டர் மாலுமிகளுக்காகத் தயாரித்த வகைத் தட்டைப் படத்தில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டால் இந்த வழி கிடைக்காது. உண்மையான குறுக்குவழி வடக்கே வளைந்து சைபீரியாவுக்கு மேலே போகிறது. கணிதம் சொல்வது இவ்வளவுதான். அதற்குப் பிறகு அரசு பேச ஆரம்பிக்கிறது.

ஒவ்வொரு அரசுக்கும் தன் நிலத்துக்கு மேலுள்ள வானின்மீது முழுமையான, தனித்த இறையாண்மை உண்டு என்கிறது 1944ஆம் ஆண்டின் சிகாகோ உடன்படிக்கை. பனிப்போர்க் காலத்தில் சைபீரிய வான் மேலைநாட்டு விமானங்களுக்குப் பெரும்பாலும் மூடியே கிடந்தது. 1983இல் ஃபின்னேர் நிறுவனம் டோக்கியோவுக்கு இடைநில்லாமல் பறக்கத் தொடங்கியபோது வடதுருவம், பெரிங் நீரிணை என்று சுற்றிக்கொண்டுதான் போனது. ஏறத்தாழ 13 மணி நேரம். அதே ஆண்டு செப்டம்பர் 1 அன்று, வழி விலகிச் சோவியத் வானுக்குள் போய்விட்ட தென்கொரியப் பயணிகள் விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது. 269 பேர் செத்தார்கள்.

சோவியத் ஒன்றியம் சிதைந்தபின் சைபீரியா வழி தாராளமாகத் திறந்தது, சும்மா இல்லை, மேலே பறக்கக் காசு கட்டவேண்டும். பயணம் ஒன்பதரை மணி நேரமாகச் சுருங்கியது. 2022 பிப்ரவரியில் ரஷ்யா உக்ரைன்மீது படையெடுத்தது. ஐரோப்பிய ஒன்றியம் தன் வானை ரஷ்யாவுக்கு மூட, ரஷ்யாவும் பதிலுக்கு மூடியது. மறுபடியும் துருவவழி, மறுபடியும் 13 மணி நேரம். துருவத்தின்மேல் பறந்ததற்காகப் பயணிகளுக்குச் சான்றிதழ் வேறு கொடுத்தார்கள்! போரின் விளைவு சுற்றுலா அனுபவமாகப் பொட்டலம் கட்டப்பட்டது.

சீன நிறுவனங்களின் விமானங்களோ அப்போதும் ரஷ்ய வான்வழியே ஐரோப்பா போய்வந்தன. ஆக, ஒரே இரு நகரங்களுக்கு நடுவில் விமானத்தின் கொடியைப் பொறுத்துத் தூரம் மாறுகிறது. 7,800 என்கிற எண் பொய்யல்ல. யாருக்கு அந்த வழி, யாருடைய அனுமதியில் என்பதை அது சொல்வதில்லை, அவ்வளவுதான்.

எரிபொருளும் நேரமும் கூடியதைப் பற்றி நிறுவனங்கள் நிறையவே பேசின. ஆனால் 2022 பிப்ரவரி 24 அன்று உக்ரைனின் வான் முழுக்கவே பயணிகள் விமானங்களுக்கு மூடப்பட்டது. தூர அட்டவணைகளில் கீவ் நகரத்துக்கும் ஓர் எண் உண்டு. அங்கிருந்து தப்பியவர்கள் ரயிலிலும் பஸ்ஸிலும் நடந்தும் போலந்து எல்லைக்குப் போனார்கள். தூரத்தை அளக்க வேண்டுமானால் அங்கிருந்து தொடங்க வேண்டும் என்பது என் கருத்து.