தவணைக் காலமும் உத்தரவாதக் காலமும்

கார்க் கடன் வேண்டி வங்கிக் கிளைக்கு வருவோர் பெரும்பாலும் மூன்று வினாக்களுடன் வருகின்றனர்: வட்டி எவ்வளவு, மாதத் தவணை எவ்வளவு, பணம் எத்தனை நாளில் கிடைக்கும். வாங்கவிருக்கும் வண்டிக்கு உற்பத்தியாளர் எத்தனை ஆண்டு உத்தரவாதம் தருகிறார் என்னும் பேச்சு அங்கே எழுவது அரிது. அது ஷோரூமில் விற்பனையாளரோடு பேசி முடிக்க வேண்டிய செய்தி, கடனுக்கும் அதற்கும் தொடர்பில்லை எனப் பலரும் கருதுகின்றனர். எங்கள் கருத்து வேறு. ஐந்து அல்லது ஏழு ஆண்டுகள் தவணை செலுத்தப்போகும் குடும்பம், அவ்வாண்டுகளில் வண்டி பழுதுற்றால் செலவை யார் ஏற்பார் என்பதையும் கடன் வாங்கும் நாளிலேயே அறிந்திருத்தல் வேண்டும். தவணையும் பெரும் பழுதுச் செலவும் ஒரே மாதத்தில் வந்து சேருமானால், நன்றாகத் திட்டமிட்ட வீட்டுக் கணக்கும் நிலைகுலையும்.

முதலில் வண்டியைப் பற்றிச் சில சொற்கள். பின்கதவு மேல்நோக்கித் திறக்க, அமரும் இடமும் டிக்கியும் ஒரே கூரையின்கீழ் அமைந்த சிறிய காரை ஹேட்ச்பேக் என்கிறோம். 1983 டிசம்பரில் முதல் மாருதி 800 சாலைக்கு வந்தது முதல் இந்திய நடுத்தரக் குடும்பத்தின் முதல் கார் பெரும்பாலும் இந்த வடிவத்ததே. இதற்கு வரிவிதிப்பும் துணைநிற்கிறது. நீளம் 4 மீட்டருக்கு மிகாமலும் பெட்ரோல் எஞ்சின் 1,200 சி.சி.க்கு மிகாமலும் இருப்பவை சிறிய கார்கள் எனக் கொள்ளப்படுகின்றன. இவற்றின் மீது 28 விழுக்காடு ஜி.எஸ்.டி.யும் அதற்கு மேல் இழப்பீட்டு வரியும் இருந்த நிலை மாறி, 2025 செப்டம்பர் 22 முதல் 18 விழுக்காடு மட்டுமே விதிக்கப்படுகிறது. இவ்வாறு மிஞ்சும் பணத்தை மேலும் விலையுயர்ந்த மாதிரிக்கும், கூரைக் கண்ணாடிக்கும், பளபளக்கும் சக்கரங்களுக்கும் செலவிடத் தூண்டுவோர் பலர். அதை உத்தரவாதத்தை நீட்டிக்கச் செலவிடுவதே அறிவுடைமை என்பது எங்கள் துணிபு.

குடும்பத்திற்கு ஏற்ற வண்டி எது என்பதை விளம்பர ஏட்டைக் கொண்டு முடிவு செய்ய இயலாது. வீட்டிலுள்ள அனைவரையும் ஷோரூமுக்கு அழைத்துச் செல்லுங்கள். மூட்டுவலியுள்ள பெரியவர் பின்னிருக்கையில் ஏறி இறங்கட்டும். மூவர் பின்னால் அமர்ந்து தோள்கள் நெருக்குகின்றனவா எனப் பார்க்கட்டும். வீட்டிலுள்ள பெரிய பெட்டியையும் எடுத்துச் சென்று டிக்கியில் வைத்துப் பாருங்கள். விற்பனையாளர் வியப்புறலாம், அதனால் பாதகமில்லை. உயரமான கூரையைக் கொண்ட வேகன்ஆர் முதியோர் உள்ள வீடுகளில் விரும்பப்படுவதன் காரணம், குனியாமல் ஏறி அமரலாம் என்பதே. அதன் டிக்கி 341 லிட்டர். பலேனோவில் 318 லிட்டரும் டியாகோவில் 242 லிட்டரும் கிடைக்கின்றன. சி.என்.ஜி. வண்டியாயின் இக்கணக்கு மாறிவிடும். பெரிய உருளை ஒன்று டிக்கியின் பெரும்பகுதியைக் கொள்ளும். டாடா நிறுவனம் ஒரு பெரிய உருளைக்கு மாற்றாக இரண்டு சிறிய உருளைகளை டிக்கித் தளத்தின் கீழ் அமைத்தது இக்குறையைக் கருதியே.

பாதுகாப்பிற்கு, 2023 அக்டோபர் முதல் நடைமுறையிலுள்ள பாரத் என்கேப் மோதல் சோதனையின் நட்சத்திர மதிப்பைக் கேட்டறிக. சிறிய கார் என்றாலே உறுதியற்றது என்னும் எண்ணம் பழையது. ஆல்ட்ராஸ் ஹேட்ச்பேக் 2020-ஆம் ஆண்டிலேயே குளோபல் என்கேப் சோதனையில் பெரியவர் பாதுகாப்பிற்கு ஐந்து நட்சத்திரம் பெற்றது.

உத்தரவாதத்தின் உள்ளடக்கம்

வாரன்டி என்று வழங்கும் உத்தரவாதம், மூலப்பொருளிலோ தயாரிப்பிலோ நேர்ந்த குறையால் ஒரு பாகம் பழுதுற்றால் அதைக் கட்டணமின்றிச் சரிசெய்தோ மாற்றியோ தருவதாக உற்பத்தியாளர் அளிக்கும் உறுதி. அதற்கு இரண்டு எல்லைகள் உண்டு: ஆண்டும் கிலோமீட்டரும். இவற்றுள் எது முந்துகிறதோ அன்றே உத்தரவாதம் முடிகிறது. ஆண்டுக்கணக்கை மட்டும் பார்த்து மகிழ்வோர் இவ்விடத்தில் ஏமாறுகின்றனர். நாளொன்றுக்கு 80 கிலோமீட்டர் வீதம் மாதம் 25 நாள் பணிக்குச் சென்று வருபவர் மாதத்தில் 2,000 கிலோமீட்டர் ஓட்டுகிறார். உத்தரவாதம் "2 ஆண்டு அல்லது 40,000 கிலோமீட்டர்" என்றிருந்தால் அவருக்கு அது 20 மாதங்களில் தீர்ந்துவிடும். அதுவே "3 ஆண்டு அல்லது 1,00,000 கிலோமீட்டர்" என்றிருப்பின் மூன்று ஆண்டும் முழுமையாகக் கிடைக்கும்.

இது கற்பனைக் கணக்கன்று. 2019-இல் டொயோட்டா விற்கத் தொடங்கிய கிளான்சா, மாருதி சுசுகியின் பலேனோவே. முகப்பும் பெயரும் சிறிது மாறின, எஞ்சினும் உடலும் ஒன்றே. ஆயினும் கிளான்சாவிற்கு 3 ஆண்டு அல்லது 1,00,000 கிலோமீட்டரும், பலேனோவிற்கு 2 ஆண்டு அல்லது 40,000 கிலோமீட்டரும் உத்தரவாதமாக இருந்தன. 2024 ஜூலையில் மாருதி சுசுகியும் தன் வண்டிகளுக்கு 3 ஆண்டு அல்லது 1,00,000 கிலோமீட்டர் என உயர்த்தியது. இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளில், ஒரே வண்டியை வாங்கிய இருவருள் ஒருவருக்கு ஓராண்டுக் காவல் மிகுதியாகக் கிடைத்தது. வேறுபாடு உத்தரவாத ஏட்டில் மட்டுமே இருந்தது.

நீண்ட உத்தரவாதம் வண்டியின் தரத்திற்குச் சான்று எனக் கொள்வோரும் உளர். அது முற்றிலும் சரியன்று. ஹூண்டாய் நிறுவனம் 1998-இல் அமெரிக்காவில் எஞ்சின், கியர் பகுதிகளுக்கு 10 ஆண்டு அல்லது 1,00,000 மைல் உத்தரவாதத்தை அறிவித்தபோது, அந்நாட்டில் அதன் வண்டிகளுக்கு நற்பெயர் இல்லை. இழந்த நம்பிக்கையை மீட்கவே அவ்வளவு நீண்ட உறுதி தரப்பட்டது. எனினும் பத்தாண்டுச் செலவைத் தானே ஏற்பதாக எழுதிக்கொடுத்த நிறுவனம் தரத்தை உயர்த்தியே ஆக வேண்டும். வாங்குபவருக்கு இருவழியிலும் நன்மைதான்.

இனி உத்தரவாதத்தில் அடங்காதவை. தேய்மானப் பாகங்களான பிரேக் பேட், கிளட்ச் தட்டு, வைப்பர், வடிகட்டிகள், பல்புகள் ஆகியன இதில் சேரா. டயருக்கும் பேட்டரிக்கும் அவற்றைத் தயாரித்தவரே தனி உத்தரவாதம் தருவார். குறித்த காலத்தில் அங்கீகரிக்கப்பட்ட பணிமனையில் சர்வீஸ் செய்யாமையும், வெளிக்கடையில் மின்கம்பிகளை வெட்டி விளக்கோ ஒலிபெருக்கியோ பொருத்துதலும், வெளியே சி.என்.ஜி. கருவி பொருத்துதலும் உத்தரவாதத்தை மறுக்க இடம் தரும். சி.என்.ஜி. வேண்டுவோர் தொழிற்சாலையிலேயே பொருத்தப்பட்ட மாதிரியை வாங்குவதே தக்கது. ஒவ்வொரு சர்வீஸ் ரசீதையும் தேதி வரிசையில் ஒரு கோப்பில் வைத்திருங்கள்.

மழைக்காலத்தில் தேங்கிய நீரில் நின்றுபோன வண்டியை மீண்டும் இயக்க முயல்வதால் எஞ்சினுள் நீர் புகுந்து பழுதாகும் நிகழ்வுகள் மும்பை, சென்னை போன்ற நகரங்களில் ஆண்டுதோறும் உள்ளன. இது தயாரிப்புக் குறையன்று; ஆதலால் உத்தரவாதம் பொருந்தாது. சாதாரணக் காப்பீடும் இதை விளைவுச் சேதம் எனக் கூறி ஏற்பதில்லை. எஞ்சின் பாதுகாப்பு என்னும் கூடுதல் காப்பீட்டைப் பெற்றவர்க்கே இழப்பீடு கிட்டும். விபத்து, திருட்டு, வெள்ளம் ஆகியவை காப்பீட்டின் பாற்படும். இயந்திரக் கோளாறு உத்தரவாதத்தின் பாற்படும். ஒன்று மற்றொன்றின் வேலையைச் செய்யாது.

நீட்டிப்பும் கடனும்

உற்பத்தியாளரின் உத்தரவாதத்தைப் பணம் செலுத்தி நீட்டிக்கலாம். மாருதி சுசுகியில் 6 ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர் வரையிலும், கிளான்சாவில் 5 ஆண்டு அல்லது 2,20,000 கிலோமீட்டர் வரையிலும் நீட்டிக்க வழி செய்யப்பட்டுள்ளது. இவ்விதிகள் அவ்வப்போது மாறுவன. முன்பதிவு செய்யும் நாளில் நடைமுறையிலுள்ளதை எழுத்தில் பெறுக. நீட்டிப்பைத் தருபவர் உற்பத்தியாளரா அல்லது விற்பனையாளர் தாமே ஏற்பாடு செய்த திட்டமா என்பதைக் கட்டாயம் கேளுங்கள். உற்பத்தியாளர் தருவது நாடெங்கும் உள்ள அங்கீகரிக்கப்பட்ட பணிமனைகளில் செல்லுபடியாகும். பணி மாறுதலில் நாக்பூரிலிருந்து குவாஹாட்டிக்குச் செல்ல நேரும் குடும்பத்திற்கு இதன் அருமை விளங்கும். நீட்டித்த காலத்தில் எஞ்சினும் கியரும் மட்டுமே அடங்குமா, குளிர்சாதனமும் மின்னணுப் பாகங்களும் அடங்குமா என்பதையும் படித்தறிதல் வேண்டும். இக்காலக் கார்களில் செலவு வைப்பவை பெரும்பாலும் பின்னவையே.

இப்போது கடனுக்கு வருவோம். ரூ. 6,00,000 கடன், ஆண்டு வட்டி 9 விழுக்காடு எனக் கொள்வோம். ஐந்து ஆண்டாயின் மாதத் தவணை ஏறத்தாழ ரூ. 12,455, மொத்த வட்டி ரூ. 1,47,300. ஏழு ஆண்டாயின் தவணை ரூ. 9,653 ஆகக் குறையும், வட்டியோ ரூ. 2,10,900 ஆக உயரும். மாதம் ரூ. 2,800 குறைவு என்னும் ஈர்ப்பில் பலரும் ஏழாண்டைத் தேர்ந்தெடுக்கின்றனர். கூடுதல் வட்டியான ரூ. 63,600 மட்டுமே அதன் விலை அன்று. உத்தரவாதம் மூன்றாண்டில் முடிந்தால், அதன்பின் நான்கு ஆண்டுகள் தவணையும் செலுத்தி, பழுதுச் செலவையும் தாமே ஏற்க வேண்டும். வண்டி முதுமையடைவதும் அவ்வாண்டுகளில்தான். இதனாலேயே, கடனின் காலத்தை உத்தரவாதத்தின் காலத்திற்குள் அடக்குமாறு நாங்கள் பரிந்துரைக்கிறோம்: நீட்டித்த உத்தரவாதம் ஐந்து ஆண்டாயின் கடனும் ஐந்து ஆண்டு. அத்தவணை பாரமாகத் தோன்றினால் முன்பணத்தைக் கூட்டுங்கள், அல்லது விலை குறைந்த மாதிரிக்கு இறங்குங்கள். தவணைக் காலத்தை நீட்டுவது கடைசி வழியாக இருக்கட்டும்.

விபத்தில் வண்டி முற்றிலும் சேதமுறும் நிலையையும் எண்ணிப் பார்க்க வேண்டும். காப்பீட்டு நிறுவனம் தருவது ஐ.டி.வி. எனப்படும் காப்பீட்டு மதிப்பு. மூன்று ஆண்டைக் கடந்த வண்டிக்கு 40 விழுக்காடு தேய்மானம் கழிக்கப்படும். ரூ. 7,00,000 விலையுள்ள காருக்கு அப்போது கிடைப்பது ரூ. 4,20,000. அந்நாளில் ஏழாண்டுக் கடனில் நிலுவை சுமார் ரூ. 3,88,000, வங்கிக்குச் செலுத்தியபின் குடும்பத்தின் கையில் நிற்பது ரூ. 32,000 மட்டுமே. ஐந்தாண்டுக் கடனாயின் நிலுவை ரூ. 2,72,600, கையில் ஏறத்தாழ ரூ. 1,47,000 மிஞ்சும். அடுத்த வண்டிக்கு முன்பணமாக அது உதவும்.

நீட்டிப்புக் கட்டணத்தைக் கடனோடு சேர்த்துவிடலாம் என விற்பனையாளர் கூறுவதுண்டு. கட்டணம் ரூ. 20,000 எனக் கொண்டால், ஐந்தாண்டில் 9 விழுக்காடு வட்டியில் அதற்கு ரூ. 4,900 மேலும் செல்லும். கையிலுள்ள பணத்தில் செலுத்துவதே சிக்கனம். இருக்கை உறைகளும் கதவு அலங்காரங்களும் அடங்கிய பொட்டலம் ஒன்றை மறுத்தாலே இத்தொகையில் பெரும்பகுதி கிடைத்துவிடக் கூடும். முதல் உத்தரவாதம் முடியும்வரை நீட்டிப்பைத் தள்ளிப்போடலாம் என்பது உண்மையே. ஆனால் காலம் செல்லச் செல்லக் கட்டணம் உயரும், வண்டி பரிசோதனைக்கும் உட்படும்.

கடன் ஒப்பந்தத்தில் கையொப்பமிடுமுன் வங்கி தரும் முக்கிய விவரக் குறிப்பைப் படியுங்கள். 2024 அக்டோபர் முதல் சில்லறைக் கடன்கள் அனைத்திற்கும் ரிசர்வ் வங்கி இதைக் கட்டாயமாக்கியுள்ளது. கட்டணங்கள் உள்ளிட்ட ஆண்டுச் செலவு விகிதம் அதில் ஒரே எண்ணாகத் தரப்படும். இரு வங்கிகளை ஒப்பிட அந்த எண்ணே பொருத்தமானது. கடனை முன்கூட்டியே அடைக்கும் எண்ணமிருந்தால், வட்டி நிலையானதா மாறக்கூடியதா எனப் பாருங்கள். தொழில் நோக்கமற்ற தனிநபர்களின் மாறும் வட்டிக் கடனுக்கு முன்கூட்டி அடைப்புக் கட்டணம் வசூலிக்கலாகாது. நிலையான வட்டிக் கடனில் ஒப்பந்த விதியே முடிவு.

வண்டி கைக்கு வரும் நாளில் மாலையும் எலுமிச்சையும் காத்திருக்க, காகிதங்களைச் சரிபார்க்க எவருக்கும் பொறுமை இருப்பதில்லை. ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். உத்தரவாத ஏட்டிலுள்ள சேசிஸ் எண் வண்டியில் பொறித்துள்ள எண்ணோடு ஒத்திருக்க வேண்டும். உத்தரவாதம் தொடங்கும் தேதி, வண்டி உங்களிடம் ஒப்படைக்கப்பட்ட தேதியாக இருக்க வேண்டும். நீட்டிப்புக்குச் செலுத்திய பணத்திற்கு ரசீதோடு தனிச் சான்றிதழும் வேண்டும். புதிய காருக்கு மூன்றாம் நபர் காப்பீடு மூன்று ஆண்டிற்கு ஒருசேர எடுக்கப்பட்டிருக்கும். ஆனால் சொந்தச் சேதக் காப்பீடு ஓராண்டிற்கு மட்டுமே எடுக்கப்பட்டிருக்கலாம். அதன் புதுப்பிப்புத் தேதியைத் தனியே குறித்து வையுங்கள். கடன் முடிந்தபின் வங்கி தரும் தடையின்மைச் சான்றையும் படிவம் 35-ஐயும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் அளித்து, பதிவுச் சான்றிலுள்ள வங்கியின் பெயரை நீக்கிக்கொள்ளுதல் வேண்டும். அந்நாளில் உத்தரவாதம் இன்னும் எஞ்சியிருந்து வண்டியை விற்க நேர்ந்தால், அதைப் புதிய உரிமையாளர் பெயருக்கு மாற்றித்தர இயலுமா எனப் பணிமனையில் கேளுங்கள். எஞ்சிய மாதங்களுக்கும் வாங்குபவர் விலை தருவார்.