ஈரத் துணியும் மின் கட்டணமும்

ஐப்பசி பிறந்துவிட்டால் பண்ணைக்காட்டு இல்லத்தரசிகளின் கவலை அடுப்படியில் அல்ல, கொடிக்கயிற்றில் தொடங்குகிறது. காலையில் விரித்த கைலியும் துப்பட்டாவும் மறுநாளும் ஈரமாகவே தொங்கும். பள்ளிச் சீருடையில் பூஞ்சை வாடை ஏறும். தொழுகைக்கென ஒதுக்கிய உடையை அடுப்புச் சூட்டில் காட்டி உலர்த்தும் வீடுகளும் உண்டு. கொடைக்கானல் கீழ்மலையை மூடும் மூடுபனி என்பது நீரால் நிறைந்துவிட்ட காற்று. அது துணியிலுள்ள ஈரத்தை எப்படி ஏற்கும்?

எனவே, வசதியுள்ளோர் துணி உலர்த்தும் இயந்திரம் வாங்க எண்ணுகின்றனர். முதலில் ஒரு குழப்பத்தை நீக்கிவிடுவோம். நம் வீடுகளில் ‘டிரையர்’ என்றால் சலவை இயந்திரத்தின் சுழல் தொட்டியையே குறிப்பிடுகிறோம். அது துணியைப் பிழிவதோடு சரி. இங்கே பேசப்படுவது வெப்பக் காற்றில் புரட்டிப் புரட்டி முற்றாக உலர்த்தும் டம்பிள் டிரையர்.

இதில் இரு வகைகளை அறிந்துகொள்ளுங்கள். மின் கம்பிச் சுருளால் காற்றைச் சூடாக்குவது ஒன்று, விலை குறைவு. குளிர்சாதனப் பெட்டியின் தத்துவத்தில் இயங்கி, ஒருமுறை உண்டாக்கிய வெப்பத்தையே மீண்டும் மீண்டும் பயன்படுத்தும் ‘ஹீட் பம்ப்’ மற்றொன்று. விலை அதிகம், நேரமும் கூடுதலாக எடுக்கும். சுவிட்சர்லாந்து 2012-லேயே முதல் வகையின் விற்பனைக்கு முடிவு கட்டியது. ஐரோப்பிய ஒன்றியத்தின் புதிய விதிகளும் 2025 ஜூலை முதல் அவ்வாறே செய்துள்ளன. அப்படியானால் நாமும் ஹீட் பம்பையே வாங்க வேண்டுமா? அவசரப்படாமல் கணக்குப் பாருங்கள்.

ஐந்து கிலோ பருத்தித் துணியை நன்கு பிழிந்த பின்னும் சுமார் மூன்று லிட்டர் நீர் அதில் தங்கியிருக்கும். அதை ஆவியாக்க இயற்கை விதிப்படியே ஏறத்தாழ இரண்டு யூனிட் ஆற்றல் தேவை. கம்பிச் சுருள் இயந்திரம் இழப்பும் சேர்ந்து மூன்று யூனிட் எடுக்கும். ஹீட் பம்புக்கு ஒன்றேகால் யூனிட் போதும். ஒரு சுமைக்கு மிச்சம் ஒன்றே முக்கால் யூனிட்.

மழையும் பனியுமான நான்கு மாதங்களில், வாரம் நான்கு சுமை என்றால் ஆண்டுக்கு எழுபது சுமை. யூனிட் எட்டு ரூபாய் என்று கொண்டாலும் மிச்சம் ஆயிரம் ரூபாயை எட்டாது. இரண்டின் விலை வித்தியாசம் முப்பதாயிரம் என்று வைத்துக்கொண்டால், அதை ஈட்ட முப்பது ஆண்டுகள் ஆகும்! எந்த இயந்திரம் அத்தனை நாள் உழைக்கும்? ஆனால், சுற்றுலாப் பயணியர் தங்கும் விடுதி நடத்துவோர் நாளுக்கு மூன்று சுமை உலர்த்தினால், இரண்டே ஆண்டுகளுக்குள் அந்த முப்பதாயிரம் திரும்பிவிடும். ஆக, வேண்டியது சிக்கனமான இயந்திரமா என்பதை உங்கள் வீட்டுத் துணிக் கூடைதான் சொல்ல வேண்டும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். நம் மாநிலத்தில் இரு மாதக் கணக்கில் யூனிட் கூடக்கூடக் கட்டண விகிதமும் படிப்படியாக ஏறுகிறது. இயந்திரத்தின் செலவு கடைசிப் படியின் விகிதத்திலேயே விழும். கம்பிச் சுருள் இயந்திரம் இரண்டு கிலோவாட்டுக்கு மேல் இழுக்கும். வெந்நீர்க் கருவியையும் உடன் போட்டால் பழைய வீட்டு வயரிங் தாங்குமா என்று மின்பணியாளரைக் கேளுங்கள்.

எனது கருத்தைக் கேட்டால், சிறிய குடும்பத்தார் முதற்கண் நல்ல வேகத்தில் பிழியும் சலவை இயந்திரத்தைத் தேடட்டும். நிமிடத்துக்கு 800 சுற்றுக்குப் பதில் 1400 சுற்று என்றால், அதே சுமையில் ஒரு லிட்டர் நீர் குறையும். சுழற்றி நீக்குவதற்கு ஆகும் மின்சாரம், ஆவியாக்குவதோடு ஒப்பிட்டால் அற்பம். பிறகு கூரையிட்ட தாழ்வாரம், இடைவெளி விட்டுக் கட்டிய கொடி, ஒரு மின்விசிறி. காப்பிக் களத்தில் நம் தோட்டக்காரர்கள் கொட்டையை மெல்லிய அடுக்காகப் பரப்பிக் கிளறுவது எதற்கு? காற்று எல்லாப் பக்கமும் பட வேண்டும் என்றுதானே! துணிக்கும் அதுவே வழி. கைக்குழந்தையோ படுக்கையில் கிடக்கும் முதியவரோ உள்ள வீட்டுக்கு இது போதாது. அங்கே டிரையர் ஆடம்பரமன்று. விலை குறைந்ததே அவர்களுக்குப் போதும். ஆண்டு முழுதும் அன்றாடம் ஓடும் என்றால் மட்டும் ஹீட் பம்பை எண்ணலாம்.

ஈரக் காற்றைக் குழாய் வழியே வெளியேற்றும் வகையானால் சுவரில் துளையிட்டே ஆக வேண்டும். இல்லையேல் அறைச் சுவரெல்லாம் வியர்க்கும். பஞ்சு வடிகட்டியை ஒவ்வொரு முறையும் துடைக்க வேண்டும். முன்பணம் கொடுக்குமுன், பழுது நேர்ந்தால் மலையேறி வர ஆள் உண்டா, அதற்கு என்ன கட்டணம் என்பதையும் கடைக்காரரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.