சிறுகோளைத் தள்ளிய எதிருதை

2022 செப்டம்பர் 26. நாசாவின் டார்ட் விண்கலம் டைமார்ஃபஸ் என்ற சிறுகோளின் மீது வேண்டுமென்றே மோதி நொறுங்கியது. கலத்தின் நிறை சுமார் 580 கிலோ. வேகம் நொடிக்கு 6.1 கிலோமீட்டர். சிறுகோளோ ஏறக்குறைய 430 கோடி கிலோ. இந்தக் கொசு அந்த யானையை அசைக்குமா?

உந்தம் என்பது நிறையையும் திசைவேகத்தையும் பெருக்கி வருவது. டார்ட் கொண்டுபோன உந்தம் சுமார் 35 லட்சம் கிலோகிராம்-மீட்டர்/நொடி. அதைச் சிறுகோளின் நிறையால் வகுத்தால், வேகம் நொடிக்கு 0.8 மில்லிமீட்டர் மாற வேண்டும். மாறியதோ சுமார் 2.7 மில்லிமீட்டர். மூன்று மடங்குக்கும் மேல்!

உந்தம் எங்கிருந்தும் புதிதாகப் பிறக்காது. மோதலின் ஆற்றலில் பெரும்பங்கு பாறையை உடைப்பதிலும் சூடாக்குவதிலும் செலவாகிவிடும். உந்தம் அப்படிக் கரைவதே இல்லை. அதனால்தான் இந்தக் கணக்கை ஆற்றலை நம்பிப் போடக்கூடாது, உந்தத்தை நம்பித்தான் போடவேண்டும். அப்படியானால் மிச்சம் எங்கிருந்து வந்தது? தெறித்த கற்களிலிருந்தும் தூசியிலிருந்தும். கலம் வந்த திசையை நோக்கியே அவை பீறிட்டுக் கிளம்பின. அவற்றை வெளியே தள்ளிய விசை, சிறுகோளை எதிர்ப்பக்கம் உதைத்தது. விசையையும் அது நீடித்த நேரத்தையும் பெருக்கினால் கிடைப்பது கணத்தாக்கு. உந்த மாற்றம் அதற்குச் சமம். கலம் தந்த கணத்தாக்கோடு தெறிப்பின் எதிருதையும் சேர்ந்துகொண்டது. எனக்கு இந்தச் சோதனையின் மிக அழகான பகுதி இதுதான்: சிறுகோளைத் தள்ளியதில் பெரும்பங்கு அதன் சொந்தக் கற்களுடையது.

டைமார்ஃபஸ், டிடிமோஸ் என்ற பெரிய சிறுகோளைச் சுற்றிவருகிறது. டார்ட் ஏறக்குறைய நேரெதிரே வந்து மோதியதால் டைமார்ஃபஸின் ஓட்டம் தளர்ந்து, சுற்றுப்பாதை சுருங்கியது. 11 மணி 55 நிமிடமாக இருந்த சுற்றுக்காலம் சுமார் 33 நிமிடம் குறைந்தது. 73 நொடி குறைந்தாலே வெற்றி என்று நாசா வைத்திருந்தது. இரு சிறுகோள்களும் ஒன்றையொன்று மறைக்கும்போது ஒளி மங்குவதைத் தரையிலுள்ள தொலைநோக்கிகள் அளந்தே இதைக் கண்டுபிடித்தன.

ஆனால் 430 கோடி கிலோ என்பது மதிப்பீடுதான். உருவ அளவைப் பார்த்து, அடர்த்தியை ஊகித்துப் பெற்றது. அந்த அடர்த்தியைப் பொறுத்து, மூன்று மடங்குக்கும் மேல் என்று பார்த்த உந்தப் பெருக்கம் 2.2 மடங்கிலிருந்து 4.9 மடங்கு வரை எதுவாகவும் இருக்கலாம். உண்மையான நிறையை அருகில் சென்று அளக்க, ஐரோப்பிய விண்வெளி முகமையின் ஹேரா கலம் 2024 அக்டோபரில் புறப்பட்டது.